புட் போட்டால் விட்டது அழியுமா, அழியாதா?

சாவிக்கொத்து:
புதுசா வந்த ஒருத்தருக்கு கதவுக்காரன் நேத்து அருளிய வாக்கு: "ஓஆத் (செயலிகளுக்கு அணுகல் அனுமதி தர்ற முறை) சர்வர்ல கிளையண்ட் (அனுமதி கேட்கிற செயலி) பதிவைத் திருத்தணுமா? மாற வேண்டிய புலத்தை மட்டும் புட்ல (PUT, பதிவை மாத்தச் சொல்லி சர்வருக்குப் போற கட்டளை) அனுப்புங்க, மீதி அப்படியே இருக்கும்." படிச்சதும் புரை ஏறிருச்சு. ஆர்எஃப்சி 7592 (இதுக்கான இணைய நெறிமுறை ஆவணம்), ஜூலை 2015: புட்ல விடுபட்ட புலம் வெறுமை. அதாவது அதை அழிக்கச் சொல்றீங்கன்னு அர்த்தம். அந்தப் பிள்ளை பேரை மட்டும் மாத்தப் போய் ரீடைரக்ட் யூஆர்ஐ (அனுமதி கிடைச்சதும் திரும்பிப் போற முகவரி) மொத்தமும் காணாம போனா நீங்களா பொறுப்பு?

கதவுக்காரன்:
எழுதுறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாருங்க சார். கீகிளோக்னு ஒரு ஓஆத் சர்வர், அதோட நிர்வாக ஏபிஐல (நிரல் வழியா கட்டளை அனுப்புற வாசல்) விளக்கத்தை மட்டும் புட் பண்ணேன். ரீடைரக்ட் யூஆர்ஐ அலுங்காம குலுங்காம இருக்கு. அழியலை.

சாவிக்கொத்து:
அழியணும்.

கதவுக்காரன்:
அழியலையே!

சாவிக்கொத்து:
அது கீகிளோக்கோட தாராள மனசு. நாளைக்கு வேற சர்வருக்கு மாறும்போது தெரியும் சங்கதி. பேரே புட். எல்லாத்தையும் புட்டுப் புட்டு வைக்கணும். ஒண்ணை மட்டும் திருத்தத்தான் பேட்ச், அது 2010லயே ஆர்எஃப்சி 5789ஆ வந்தாச்சு.

நள்ளிரவு_நிர்வாகி:
7592 சோதனை நிலை ஆவணம். அதோட, கிளையண்ட் தன் பதிவைத் தானே பதிவு டோக்கன் (பதிவைத் திறக்கிற சாவி) வச்சுப் பராமரிக்கிறதுக்கானது. நிர்வாகி ஏபிஐ வேற. ரெண்டு பேரும் ரெண்டு கதவைத் தட்டிக்கிட்டு இருக்கீங்க.

சாவிக்கொத்து:
எந்தக் கதவா இருந்தா என்ன? புட்னா புட். விட்டது அழியும்.

கதவுக்காரன்:
இன்னொரு ஓஆத் சர்வரான ஹைட்ராவோட ஆவணத்தைப் படிங்க. புட் முழுப் பதிவையும் மாத்தும்னு சொல்லிட்டு, சீக்ரெட் (கிளையண்டோட கடவுச்சொல்) அனுப்பலைன்னா பழையதே இருக்கும்னு அதே மூச்சுல சொல்லுது. விட்டது அழியலை!

சாவிக்கொத்து:
ஒரு விதிவிலக்கைத் தலைல தூக்கி வச்சு ஆடாதீங்க. 7592லயும் கிளையண்ட் தன் இஷ்டத்துக்கு சீக்ரெட்டை மாத்த முடியாது. சீக்ரெட்டும் லோகோ முகவரியும் ஒண்ணா?

சொல்லாய்வு:
மன்னிக்கணும், ஏன் 'கிளையண்ட்'? 'வாடிக்கையாளர்'னு அழகான சொல் இருக்கே.

சாவிக்கொத்து:
வாடிக்கையாளர்னா காசு கொடுக்கிறவர். இது ஒரு செயலி. 'வாடிக்கையாளரை அழி'னு பட்டன் வச்சா கணக்குப் பிரிவு ஓடி வரும்.

சொல்லாய்வு:
சரி, 'பயனகம்'?

நள்ளிரவு_நிர்வாகி:
லாட்ஜ் பேர் மாதிரி இருக்கு.

கதவுக்காரன்:
பதிவு டோக்கனை அப்படியே லாக்ல அச்சடிக்கிற ஸ்கிரிப்டை ஆறு மாசம் முன்னாடி இங்க ஒட்டின மகான் யாருங்க? இப்ப எங்களுக்குப் பாடம்.

சாவிக்கொத்து:
அதானே பார்த்தேன், எங்கடா இன்னும் வரலைன்னு. அன்னைக்கே டெலிட் அனுப்பி, 204 (அழிஞ்சாச்சுங்கிற பதில்) வாங்கி, புதுசா பதிஞ்சாச்சு. நீங்க எழுதின அபத்தம் இன்னும் அங்கேயே நிக்குது.

நள்ளிரவு_நிர்வாகி:
முதல்ல கெட் (GET, பதிவை வாங்கிப் பார்க்கிற கட்டளை) அடிங்க. வந்த பதிவுல வேண்டியதைத் திருத்தி அப்படியே புட்ல அனுப்புங்க. சண்டைக்கே இடமில்லை.

சாவிக்கொத்து:
'அப்படியே' கிடையாது! பதிவு டோக்கன், பதிவு முகவரி, சீக்ரெட் காலாவதி, ஐடி வழங்கிய நேரம் இந்த நாலும் புட்ல இருக்கவே கூடாதுன்னு 7592 சொல்லுது. அரைகுறையா ஆலோசனை சொல்ல இன்னொருத்தர் வேறயா?

கதவுக்காரன்:
ஆக, நாலு புலத்தை விட்டே ஆகணும். அப்ப அந்த நாலும் அழியுமா?

சாவிக்கொத்து:
குதர்க்கம். அது சர்வர் வச்சிருக்கிறது, உங்களோடது இல்லை.

கதவுக்காரன்:
கேட்டது அது இல்லையே. விட்டா அழியுமா, அழியாதா?

சாவிக்கொத்து:
நாளைக்கு நாலு சர்வரைக் கண்டெய்னர்ல (கணினிக்குள்ள தனித்தனியா மென்பொருளை ஓட்டுற பெட்டி) ஏத்தி, ஒவ்வொண்ணுலயும் புட் அடிச்சுக் காட்டுறேன்.

கதவுக்காரன்:
அஞ்சாவதா கீகிளோக்கையும் ஏத்துங்க.