புதுப்பிப்பு: போக்கரில், ஃப்ளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில்) எப்போது பெட் (பந்தயம்) வைப்பது?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ் செய்தது (பந்தயத்தை உயர்த்தியது) நான் என்பதற்காகவே எல்லா ஃப்ளாப்பிலும் முக்கால் பாட் (நடுவில் சேர்ந்திருக்கும் பணத்தில் முக்கால் பங்கு) வைத்து இழந்துகொண்டிருந்தேன். எப்போது வைப்பது சரி என்றுதான் முன்பு கேட்டிருந்தேன்.

'முதலில் போர்டைப் (மேசையிலுள்ள பொதுச் சீட்டுகளை) பார், அப்புறம் உன் கை (உன் சீட்டுகள்)' என்ற யோசனைதான் பலித்தது. கிங், 7, 2 என வெவ்வேறு சூட்டில் (சீட்டின் சின்னத்தில்) வந்து, எதிரில் ஒருவரே இருந்தால் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு போதும். நான்கில் ஒரு முறை அவர் ஃபோல்டு செய்தாலே (சீட்டைப் போட்டு விலகினாலே) வெறும் பிளஃபுக்கும் (கையில் ஒன்றுமில்லாமல் வைக்கும் பெட்டுக்கும்) நட்டமில்லை. 9, 8, 7 போல ஒட்டி வந்தால், அதுவும் பிக் பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே கட்டாயப் பந்தயம் வைத்தவர்) என் ரெய்ஸைக் கால் செய்திருந்தால் (அதே அளவு பணம் போட்டுத் தொடர்ந்திருந்தால்), பெரும்பாலும் செக்தான் (பெட் வைக்காமல் விடுவதுதான்). அந்த ஸ்ட்ரெய்ட்டும் (வரிசையாக ஐந்து சீட்டு) டூ பேரும் (இரண்டு ஜோடி) அவரிடம் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எதிர்பாராத ஒன்று: நான் செக் செய்தால் என் கை பலவீனம் என்று நினைத்து டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) எதிரிகளே பெட் வைக்கிறார்கள். அதனால் இப்போது சில நல்ல கைகளையும் செக் செய்கிறேன்.