லிஃப்ட் போட்ட பிக்கப்பில் முன்பக்க ஆட்டம்: உங்களுக்கும் நடந்ததா?

கேட்டிக்காரன்

ஹூஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் போகும் ஐ-10இல் அச்சாஃபலாயா பாலம் எப்படி இருக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். 18 மைல், இரண்டு பக்கமும் சதுப்பு, ஓரம் கட்டச் சரியான இடம் கிடையாது. கான்கிரீட் இணைப்பு ஒவ்வொன்றிலும் டயர் டொக் டொக்கென்று விழும்.

என் வண்டி முக்கால் டன் வகை டீசல் பிக்கப், முன்னால் சாலிட் ஆக்சில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு), வண்டியை 4 அங்குலம் உயர்த்தும் லிஃப்ட், 37 அங்குல டயர். ஓர் இணைப்பில் இடது சக்கரம் கொஞ்சம் பலமாக இறங்கியது, அவ்வளவுதான். ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இடதும் வலதுமாக அடித்தது. டேஷ்போர்டு முழுக்க இரட்டையாகத் தெரிந்தது. கப் ஹோல்டரில் இருந்த காபி என் மனைவி மடியில். நாங்கள் இருவரும் டயர் கழன்றுவிட்டது என்றே நினைத்தோம். ஆக்சிலேட்டரை விட்டு, பிரேக்கை மெல்ல மிதித்து, 30 மைலுக்குக் கீழே வந்த பிறகுதான் அடங்கியது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

அடங்கியதும் வண்டி நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. அதுதான் இன்னும் உறுத்துகிறது. எதுவுமே நடக்காத மாதிரி!

முதலில் போன கடையில் இரட்டை ஸ்டெபிலைசர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அமுக்கும் டேம்பர்) மாட்டி நல்ல பில் போட்டார்கள். கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி வந்தது. அப்புறம் வேறு ஒரு பெரியவரிடம் போனேன். வண்டியை ஜாக்கியில் ஏற்றவே இல்லை. நான்கு டயரும் தரையில், எஞ்சின் ஓடுகிறது. என்னை ஸ்டியரிங்கைச் சின்னதாக இடம் வலம் ஆட்டச் சொல்லிவிட்டுக் கீழே படுத்தார். பிறகு இடம் மாறினோம், "தொட்டுப் பார்" என்றார். டிராக் பார், அதாவது அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் தண்டு, ஃபிரேமில் சேரும் இடத்தில் விரலை வைத்தேன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் விரலுக்கடியில் க்ளக், க்ளக். போல்ட்டைக் கழற்றினால் பிராக்கெட் துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. கனமான தகடு வைத்து வெல்டிங், புது போல்ட், வண்டி தன் எடையில் நிற்கும்போது டார்க் ரென்ச்சால் இறுக்கம். அதோடு அந்தக் கதை முடிந்தது.

உங்கள் கதையையும் எழுதுங்கள்.

ஃபீனிக்ஸ் வெயில்

எனக்கும் இதேதான், 60 மைலைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும், 70இல் நின்றுவிடும். டை ராட் எண்ட் (ஸ்டியரிங் தண்டின் முனை மூட்டு) மாற்று, பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப உதவும் பந்து மூட்டு) மாற்று என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் வீல் பேலன்சிங் செய்யப் போன இடத்தில் சக்கரத்தைக் கழற்றித் திருப்பினால், ரிம்மின் உள்பக்கம் காய்ந்த களிமண் ஒரு பிடி! ஒரு மழைக்குப் பிறகு சேற்றில் இறங்கியது, நம் வெயிலில் செங்கல்லாகிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரால் பெயர்த்தெடுத்தேன், சரியாகிவிட்டது. அதனால் டிராக் பார், வெல்டிங் என்று யாரும் பயப்பட வேண்டாம். பாதிப் பேருக்கு இது வெறும் பேலன்சிங் கோளாறு.

பால் ஜாயின்ட் பாண்டி

வெயில் அண்ணே, மன்னிக்கணும். உங்களுடையது வேறு, கேட்டிக்காரன் சொல்வது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள், யாராவது உயிரை விட்டுவிடுவார்கள்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து, வேகம் கூடினால் தானாகப் போய்விடுகிற நடுக்கம் பெரும்பாலும் டயர், ரிம், பேலன்சிங். பள்ளத்திலோ இணைப்பிலோ ஒரு அடி பட்டு ஆரம்பித்து, வேகத்தை நன்றாகக் குறைக்கும்வரை நிற்காமல் அடிப்பதுதான் இங்கே 'டெத் வாபிள்' என்கிற சமாச்சாரம். முன் சக்கரம் இரண்டையும் ஒரே அச்சு இணைக்கிற வண்டிகளின் வியாதி அது. உங்கள் வண்டியில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷன். அதில் நடுக்கம் வரும், இந்தப் பேயாட்டம் வராது.

என் அனுபவம் சின்னதுதான்: சான் அன்டோனியோ லூப் 410, ரயில் பாதை மேம்பாலம், தேய்ந்த கீழ் பால் ஜாயின்ட். ஆனால் படிக்கிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

ஸ்டெபிலைசர் என்பது வலி மாத்திரை. ஆட்டத்தை அமுக்கும், காரணத்தைத் தொடாது. முதலில் அதைக் கழற்றிவிட்டுத்தான் சோதிக்கவே வேண்டும். டயர் தரையில் இருக்கும்போது டிராக் பாரின் இரண்டு முனை, டிராக் லிங்க் (drag link, ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரப் பக்கம் போகும் தண்டு), டை ராட் எண்ட், ஸ்டியரிங் பாக்ஸ் எல்லாவற்றையும் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். ஜாக்கியில் தூக்கிவிட்டால் எடை இறங்கி சில ப்ளே (மூட்டுத் தளர்வு) மறைந்துவிடும். அதன் பிறகு தூக்குங்கள். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். கடப்பாரையை டயருக்கு அடியில் கொடுத்து நெம்பினால் பால் ஜாயின்ட் மேலும் கீழும் நகர்வது நன்றாகத் தெரியும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராட்.

லிஃப்ட் போட்டவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஃபிரேம் மேலே போகிறது, அச்சை ஃபிரேமோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம் நீளம் அப்படியே இருக்கிறது. அதனால் அச்சு கொஞ்சம் சுழன்று காஸ்டர் (சக்கரம் திரும்பும் கோடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்துவிடும். காஸ்டர் குறைந்தால் வளைவிலிருந்து ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது சோம்பலாகிவிடும், ஆட்டத்துக்கும் வழி விடும். டிராக் பார் சாய்வும் கூடும், அச்சு ஒரு பக்கமாக நகரும். டிராக் பாரும் டிராக் லிங்க்கும் முன்னாலிருந்து பார்த்தால் ஒரே சாய்வில் போக வேண்டும். சிலர் ஸ்டியரிங் பாக்ஸில் இருக்கும் பிட்மேன் ஆர்மை மட்டும் மாற்றிவிட்டு டிராக் பாரை அப்படியே விடுகிறார்கள், பிறகு ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தானாகத் திரும்புகிறது என்று புலம்புகிறார்கள். வெளியே தள்ளிய ரிம்மும் ஒரு காரணம். டயர் எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவுக்கு நெம்புகோல் நீளம் கூடுகிறது.

ஃபீனிக்ஸ் வெயில்

பாண்டி ப்ரோ, நான் யாரையும் கொல்லப் பார்க்கவில்லை. செலவு குறைந்ததை முதலில் பார் என்றேன், அவ்வளவுதான்.

போடிமெட்டு

இங்கே எல்லாம் டெக்சாஸ் கதையாக இருக்கிறது, ஒரு தேனிக் கதையும் கேளுங்கள். எங்கள் மாமாவின் பழைய ஜீப், ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி. லோடு தாங்க லீஃப் ஸ்பிரிங்கில் பட்டை கூட்டி முன்பக்கத்தைத் தூக்கியிருந்தார். மலையில் ஏறும்போது ஒன்றும் இல்லை. கீழே இறங்கி தேனி ரோட்டில் வேகம் எடுத்ததும், பாலத்து மேட்டில் குதித்து ஸ்டியரிங் உதறும். பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர், "ஏய், வண்டிக்குச் சாமி வந்துருச்சு, நிறுத்துப்பா!" என்று கத்தியது இன்றைக்கும் காதில் கேட்கிறது.

எங்கள் மெக்கானிக் இதை 'வாப்ளிங்' என்பார். அந்த ஜீப்பில் பால் ஜாயின்ட் இல்லை, அதற்குப் பதில் சக்கரம் திரும்புவது கிங் பின் என்கிற முளையில். அதன் மூடியைக் கழற்றி ஒரு மெல்லிய ஷிம் தகட்டை எடுத்துவிட்டு இறுக்கினார். பிறகு ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்பு ஆப்பு ஒன்று வைத்தார். பாண்டி சொல்கிற காஸ்டர் அதுதான் என்று இப்போதுதான் புரிகிறது. அவர் அந்தப் பெயரெல்லாம் சொல்லவில்லை, "மூக்கைத் தூக்கினா காலைச் சரிக்கணும்" என்றார்.

ஓரமா போங்க

ஒரு சந்தேகம். கோஸ்ட்கோவில் அரிசி மூட்டை வாங்கப் போவதற்கு 37 அங்குல டயர் எதற்கு?

கேட்டிக்காரன்

ஓரமா போங்க: மூட்டை 20 பவுண்டு, சும்மாவா!

பாண்டி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அலைன்மென்ட் தாளைத் தேடி எடுத்தேன். காஸ்டர் இடது 2.6, வலது 2.9 டிகிரி. டிராக் பார் சரிசெய்த பிறகு ஆட்டம் இல்லை, ஆனால் நேர்ச் சாலையில் கொஞ்சம் அலைகிறது. கன்ட்ரோல் ஆர்ம் பிடிமானத்தைக் கீழே இறக்கும் டிராப் பிராக்கெட் போடலாமா, நீளமான கன்ட்ரோல் ஆர்ம் போடலாமா?

பால் ஜாயின்ட் பாண்டி

அந்த அலைச்சலுக்குக் காரணம் அந்த எண்தான். 4 டிகிரிக்கு மேலே கொண்டு வாருங்கள். ரோட்டில் மட்டும் ஓட்டுவதென்றால் டிராப் பிராக்கெட் போதும். ஆர்ம் சாய்வு குறையும், மேட்டில் ஏறி இறங்குவதும் மென்மையாக இருக்கும். பாறை, காடு என்று போவதென்றால் பிராக்கெட் கீழே தொங்கி இடிக்கும், நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் வாங்குங்கள். காஸ்டர் மாற்றிய பிறகு முன் டிரைவ் ஷாஃப்ட் கோணத்தையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள், அது பக்கத்து வீட்டுப் பிரச்சினையாகக் கிளம்பும். ஸ்டெபிலைசர் இரண்டும் இன்னும் வண்டியில்தான் இருக்கிறதா?

கேட்டிக்காரன்

ஒன்றைக் கழற்றி கராஜில் போட்டுவிட்டேன். யாருக்காவது வேண்டுமா? பாதி விலை.