பிரிப்யாத் மக்களைப் பற்றிய ஆவணப்படம் தேடுகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் நூலகத் திரைப்பட வட்டத்தில் அடுத்த மாதம் ‘செர்னோபில் டைரீஸ்’ (2012) திரையிடுகிறோம். உக்ரைனில் செர்னோபில் அணுமின் நிலையத்துக்கு அருகே கைவிடப்பட்ட பிரிப்யாத் நகரைப் பார்க்கப் போன சுற்றுலாப் பயணிகள், வண்டி கிளம்பாமல் இரவில் அங்கேயே சிக்கிக்கொள்ளும் திகில் கதை. வெற்றுக் குடியிருப்புகளின் நிசப்தமே போதுமான அச்சத்தைத் தருகிறது. ஆனால், போகப் போகக் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களையே அரக்கர்களாக்கிவிடுகிறார்கள். இது எனக்கு மிகவும் உறுத்தலாக இருக்கிறது.

1986 ஏப்ரல் 26 அன்று அங்கே நடந்த அணு உலை விபத்துக்கு மறுநாள் பிற்பகல்தான் அந்நகர மக்கள் ஏறத்தாழ 50,000 பேர் பஸ்களில் வெளியேற்றப்பட்டார்கள். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று நம்பி, ஆவணங்களையும் கொஞ்சம் உணவையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள் அவர்கள். சுற்றியிருந்த கிராமங்களுக்குத் தடையை மீறித் திரும்பி வந்து, தோட்டம் போட்டு வாழ்ந்த மூதாட்டிகளும் உண்டு. படம் முடிந்ததும் இவர்களைப் பற்றிப் பேசாமல் கூட்டத்தைக் கலைக்க எனக்கு மனமில்லை.

இம்மக்களே பேசும் ஆவணப்படம் ஏதாவது தெரியுமா? நாற்பது நிமிடத்துக்குள் இருந்தால் நல்லது. தமிழ் வசன வரிகள் இல்லாவிட்டால் நாங்களே எழுதிக்கொள்வோம். பொதுத் திரையிடலுக்கு யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். 2022 போருக்கு முன் அங்கே சென்று வந்தவர்கள் இக்குழுவில் இருந்தால், அரை மணி நேரம் இணையவழியில் எங்களோடு பேச முடியுமா?