கடைசி இரண்டு கேஸ் சென்சார் மட்டும் ஃபால்ட் காட்டுகின்றன: கேபிளா, சென்சாரா?

பாய்லர்ஷிஃப்ட்:
புரொப்பேன் லைனில் ஆறு கேஸ் சென்சார்கள் இருக்கின்றன. எல்லாம் கேட்டலிட்டிக் பீட் வகை (சூடான சிறு மணியில் கேஸை எரித்து அளப்பது), மூன்று வயர், 4-20 மில்லியாம்ப் சிக்னல் (4 என்றால் கேஸ் பூஜ்யம், 20 என்றால் முழு அளவு). பேனலில் 24 வோல்ட் சப்ளை. முதல் நான்கில் தொல்லை இல்லை. 320 மீட்டர் தள்ளி பம்ப் பக்கம் இருக்கும் கடைசி இரண்டும் ஃபால்ட் காட்டுகின்றன, கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே 4 கோர் ஷீல்டு கேபிள்தான், 1 சதுர மில்லிமீட்டர். இரண்டு கோர் சப்ளைக்கு, மற்ற இரண்டு சிக்னலுக்கு. கேபிளைக் கழற்றி அளந்தால் 24 வோல்ட் வருகிறது. ஒரு சென்சாரைப் புதிதாக மாற்றியும் அதே கதைதான். பம்ப்பின் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஓடும்போது ரீடிங் வேறு ஆடுகிறது. நேற்று இரவு யாரோ அந்த இரண்டு சானலையும் இன்ஹிபிட்டில் (அலாரம் அடிக்காதபடி முடக்கும் நிலை) போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை.

லூப்செக்:
முதலில் அந்த இன்ஹிபிட்டை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க முடியாதென்றால் கையடக்க டிடெக்டரோடு ஒருவரை அங்கே நிறுத்துங்கள்.

கழற்றி அளந்த 24 வோல்ட்டை நம்பாதீர்கள். கரண்ட் ஓடாத கேபிளில் வோல்டேஜ் எங்கே குறையும்? 1 சதுர மில்லிமீட்டர் செம்பு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 18 ஓம். போக வர 640 மீட்டர், அதாவது 11.6 ஓம். கேட்டலிட்டிக் சென்சார் பீடைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும், அதனால் மின்சாரம் நிறையத் தின்னும். ஆளுக்கு 5 வாட் என்று வைத்தால் இரண்டுக்கும் 10 வாட். வோல்டேஜ் குறையக் குறைய அது கூடுதல் கரண்ட் இழுக்கும், அதனால் இன்னும் குறையும். கணக்குப் போட்டால் அந்த முனையில் 17 வோல்ட் சொச்சம்தான் மிஞ்சுகிறது. உங்கள் டேட்டாஷீட்டில் குறைந்தபட்சம் எத்தனை கேட்கிறது?

சென்சார் ஓடும்போதே அதன் டெர்மினலில் அளக்க வேண்டும். ஆனால் ஃப்ளேம்ப்ரூஃப் (உள்ளே தீப்பொறி வந்தாலும் வெளியே பரவவிடாத) மூடியை பவர் இருக்கும்போது திறப்பது விளையாட்டு இல்லை. பெர்மிட் வாங்கி, அந்த இடத்தில் கேஸ் இல்லை என்று கையடக்க டிடெக்டரில் உறுதி செய்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

கிளாண்டு24:
ரீடிங் ஆடுவதற்கு ஷீல்டைப் பாருங்கள். பேனல் முனையில் மட்டும்தான் எர்த் இருக்க வேண்டும். சென்சார் முனையில் வெட்டி, பாடியில் படாதபடி டேப் சுற்றுங்கள். விஎஃப்டியின் பவர் கேபிள் போகும் டிரேயிலேயே இதுவும் போகிறதா?

பாய்லர்ஷிஃப்ட்:
பெர்மிட் எடுத்து அளந்தோம். 17.2 வோல்ட். டேட்டாஷீட் 18 கேட்கிறது. ஷீல்டு இரண்டு முனையிலும் எர்த் ஆகியிருந்தது, அதைப் பிரித்ததும் ஆட்டம் பெரும்பாலும் நின்றுவிட்டது. டிரே ஒன்றேதான். இனி ஒவ்வொரு சென்சாருக்கும் தனி 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள், வேறு டிரேயில் இழுக்கப் போகிறோம்.

லூப்செக்:
நல்லது. 2.5-ல் ஒரு சென்சார் என்றால் அந்த முனையில் 23 வோல்ட் கிட்ட நிற்கும். இழுப்பதற்கு முன் இன்னும் இரண்டு கேள்வி. சென்சார்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன? எந்த கேஸ் விட்டு கேலிப்ரேட் செய்கிறீர்கள்?

பாய்லர்ஷிஃப்ட்:
கூரைக்குக் கீழே, 3 மீட்டர் இருக்கும். முன்பு அங்கே இயற்கை எரிவாயு ஓடியது. கேலிப்ரேஷனுக்கு இன்னமும் மீத்தேன் சிலிண்டர்தான்.

லூப்செக்:
இதை நினைத்துத்தான் கேட்டேன். வயரிங்கை விட இதுதான் பெரிய ஆபத்து. இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன்தான்; அது காற்றை விட லேசானது, மேலே போகும். புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம். பம்ப் சீல் கசிந்தால் அது தரையோடு தரையாகப் பரவி குழியிலும் கேபிள் டிரெஞ்சிலும் போய்த் தேங்கும். கூரையில் இருக்கும் சென்சார் 4 மில்லியாம்ப்பைச் சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருக்கும், பேனலில் பச்சை விளக்கு எரியும். காற்றில் 2 சதவீதம் சேர்ந்தாலே புரொப்பேன் பற்றிக்கொள்ளும். இரண்டையும் தரையிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டருக்குள், கசியக்கூடிய சீலுக்கும் ஃபிளாஞ்சுக்கும் பக்கத்தில் இறக்குங்கள். ஹெட் கீழ்நோக்கி இருக்கட்டும். தரையைக் கழுவுவீர்கள் என்றால் ஸ்ப்ளாஷ் கார்டு அவசியம்.

மீத்தேனில் செட் செய்த கேட்டலிட்டிக் சென்சார், புரொப்பேன் வந்தால் உண்மையை விடக் குறைவாகக் காட்டும். புரொப்பேன் சிலிண்டர் வாங்குங்கள், அல்லது தயாரிப்பாளர் தரும் திருத்தக் காரணியைப் போடுங்கள். பக்கத்தில் சிலிக்கோன் ஸ்ப்ரே, சிலிக்கோன் சீலன்ட் எதுவும் வேண்டாம், பீட் செத்துவிடும். செத்த பீடும் பூஜ்யம்தான் காட்டும், ஃபால்ட் வராது. அதனால் மாற்றி முடித்ததும் சென்சாரில் கொஞ்சம் டெஸ்ட் கேஸ் விட்டு, அது காட்டுகிறதா என்று பாருங்கள் (bump test). லைட்டர் கேஸை அடித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், அவ்வளவு அதிகச் செறிவு பீடைக் கெடுத்துவிடும்.

பாய்லர்ஷிஃப்ட்:
மற்ற நான்கும் அதே உயரத்தில்தான் இருக்கின்றன, அண்ணா. கேபிளுக்கு மட்டும் போட்டிருந்த ஒர்க் ஆர்டரை ஆறுக்கும் சேர்த்து மாற்றி எழுதச் சொல்லிவிட்டேன். இறக்கி முடிக்கும் வரை ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவர் கையடக்க டிடெக்டரோடு டிரெஞ்ச் ஓரமாகச் சுற்றி வருவார். இன்று இரவு நானே போகிறேன்.