மாந்தோப்புக் காவலில் கேட்ட பாட்டு

லிண்டா பெர்ஹாக்ஸ் என்ற அமெரிக்கப் பாடகி 1970இல் போட்ட 'பேரலலோகிராம்ஸ்' ஆல்பத்தை முதலில் ஓசூர் பஸ்ஸில்தான் கேட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. கிடாரை மெல்ல வருடிக்கொண்டு யாரோ முணுமுணுப்பது போல இருந்தது, ரெண்டு பாட்டோடு நிறுத்திவிட்டேன்.

அப்புறம் போன வருஷம் வைகாசியில், காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் ராக்காவல். பெங்களூரா மரம்தான் அதிகம், காய் இறக்க இன்னும் பத்து நாள் இருந்தது. அப்பா கயிற்றுக் கட்டிலில், நான் கீழே பாயில். மழை விட்டும் இலையிலிருந்து தகரக் கூரைமேல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்க, தூக்கம் வராமல் போனிலேயே மெதுவாகப் போட்டேன். முதல் பாட்டே மழையைப் பற்றியது. அந்தக் குரலுக்கு அடியில் அதே குரல் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று என்று விலகி விலகிப் போவது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

அப்பா தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "ஏன்டா, இந்தம்மா தனக்குத் தானே பின்பாட்டு பாடுதா?" என்றார். விடிய விடிய பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த மனுஷர், ஒரே கேள்வியில் அந்த ஆல்பத்தின் உயிரைத் தொட்டுவிட்டார். ஒரே ஆளின் குரலைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து அடுக்கியிருக்கிறார்கள். கட்டியங்காரனோ ராஜாவோ ஒரு அடியைப் பாடி விட, பின்னால் நிற்பவர்கள் அதை வாங்கி இழுப்பார்களே, அந்த வேலையை இங்கே ஒருத்தியே செய்கிறாள்.

தலைப்புப் பாட்டு வந்தது. வடிவங்களின் பெயர்களையே மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டு போகிறவர் நடுவில் மெட்டை அப்படியே கைவிட்டுவிடுகிறார், தாளம் இல்லை, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத ஓசைகள் மிதக்கின்றன. அப்பா எழுந்து உட்கார்ந்து டார்ச்சை எடுத்துத் தோப்புப் பக்கம் அடித்தார். ஈர இலைகள் மட்டும் மினுங்கின. "பாட்டுதாம்ப்பா" என்றேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு, பழைய மெட்டு திரும்பி வரும்வரை படுக்கவே இல்லை.

பெர்ஹாக்ஸ் ஒரு பல் மருத்துவமனையில் பற்களைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தவர். அங்கே வந்து போன சினிமா இசையமைப்பாளர் லெனார்ட் ரோசன்மன்தான் இவர் பாட்டைக் கேட்டு ஆல்பத்தைத் தயாரித்தார். ஆனால் அச்சாகி வந்த இசைத்தட்டில் ஒலி கெட்டுப்போயிருந்தது. இவ்வளவு நுணுக்கமாக அடுக்கிய குரல்களுக்கு அது எவ்வளவு பெரிய கொடுமை! விற்கவும் இல்லை, அவர் பழைய வேலைக்கே போய்விட்டார். 1998இல் மறுபதிப்பு வந்தது, பிறகு அவரிடமே இருந்த ஒலிநாடாவிலிருந்து எடுத்த பதிப்பும் வந்தது. கேட்பதானால் அதைத் தேடிக் கேளுங்கள். பஸ்ஸில் வேண்டாம்.

அடுத்த ஆல்பம் 2014இல், 44 வருஷம் கழித்து. அதை இன்னும் அப்பாவுக்குப் போட்டுக் காட்டவில்லை. இந்த வருஷம் காய் பிடித்திருக்கிறது, காவலுக்குப் போகும்போது போடலாம் என்று வைத்திருக்கிறேன்.