தியாகராய நகர் தெருக் குழு: தார் பூசிய பெயர்ப் பலகை

கார்த்திக்: முனையில் உள்ள பெயர்ப் பலகையைப் பார்த்தீர்களா? பெயரின் கடைசிப் பகுதியில் யாரோ தார் பூசியிருக்கிறார்கள். அடியில் எழுத்து மேடாகத் தெரிகிறது. அரசாணைப்படி நடந்ததா, யாராவது தாமாகச் செய்ததா?

உமா: 2025 அக்டோபர் ஆணையைச் சொல்கிறாயா? தெரு, குளம், குடியிருப்பு எல்லாவற்றிலும் சாதிப் பெயரை நீக்கச் சொன்னார்களே.

ரகுராமன்: ஆதார், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பழைய முகவரிதான் இருக்கிறது. யார் அலைவது? இருந்துவிட்டுப் போகட்டும்.

செல்வம்: சார், என்னால் அப்படிச் சொல்ல முடியாது. நான் பிறந்த ஊரில் எங்கள் தெருவைச் சாதி சொல்லித்தான் அழைத்தார்கள். பள்ளியில் முகவரியைச் சொன்ன உடனேயே என்னை எந்த வரிசையில் வைப்பது என்று வாத்தியார் முடிவு செய்துவிடுவார். அந்தப் பெயர் போனால் அலைச்சலை நான் மகிழ்ச்சியாகவே படுவேன்.

ரகுராமன்: ஒருவரை இழிவுபடுத்த வைத்த பெயர் போகட்டும் செல்வம், அதில் மறுபேச்சே இல்லை. நான் கேட்பது தலைவர்களின் பெயரை.

கார்த்திக்: அதில்தான் குழப்பம். ஆணை வந்த அதே மாதம் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரை வைத்தார்கள். பத்து கிலோமீட்டர் பாலம்!

தமிழரசி டீச்சர்: எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்திலும் தெருப் பெயர்களிலிருந்து சாதியை எடுத்தார்கள். அப்போது நம் பக்கத்து டாக்டர் நாயர் சாலை வெறும் 'டாக்டர் சாலை' ஆனது. எந்த டாக்டர்? 1916-இல் நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டி.எம். நாயர். 1919-இல் லண்டனில் இறந்தார். சாதி ஆதிக்கத்தை எதிர்த்த மனிதரையே தெருவிலிருந்து துடைத்துவிட்டு, சாதியை ஒழித்தோம் என்று சொன்னால் எப்படி? மாதவன் என்ற சொந்தப் பெயர் அவருக்கு இருந்ததே! வெங்கடநாராயணா சாலையில் நடேசன் பூங்காவைப் பாருங்கள். சி. நடேச முதலியார்தான் அவர். பின்னொட்டு இல்லாமலே பெயர் நிற்கிறது. ஆனால் காலையில் அங்கே நடப்பவர்களில் யாரையாவது நிறுத்தி, நடேசன் யார் என்று கேளுங்கள்.

உமா: எனக்கே தெரியாது டீச்சர்.

தமிழரசி டீச்சர்: பிராமணரல்லாத மாணவர்கள் சென்னையில் தங்கிப் படிக்க இடம் கிடைக்காத காலத்தில் திருவல்லிக்கேணியில் விடுதி நடத்தியவர் அம்மா. வாசலில் இரண்டு வரி எழுதி வைத்தால் போதும்.

கார்த்திக்: அப்படியென்றால் எந்தப் பெயரையும் எடுக்கவே கூடாதா?

தமிழரசி டீச்சர்: எடுக்க வேண்டியதை எடுக்கத்தான் வேண்டும். மவுண்ட் ரோட்டில் நீல் சிலை இருந்தது. 1857 எழுச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் மக்களைக் கொன்று குவித்த படைத் தளபதி அவன். 1927-இல் அதை அகற்றச் சொல்லிச் சத்தியாகிரகம் நடந்தது. கடலூர் அஞ்சலை அம்மாள் சிறை சென்றார், சிறுமியான மகள் அம்மாக்கண்ணுவும் உடன் நின்றாள். பத்து ஆண்டுகள் கழித்து 1937-இல், ராஜாஜி ஆட்சியில்தான் சிலை இறங்கியது. இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யார் எடுக்கச் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்று ஊருக்கே தெரியும். தெருவில் நின்று கேட்டு வாங்கியது அது.

ரகுராமன்: கண்ணகி சிலைக்கு நேர்மாறாக நடந்தது. 2001 டிசம்பரில் மெரினாவிலிருந்து எடுத்தார்கள், 2006-இல் திரும்ப வைத்தார்கள். ஆட்சிக்கு ஆட்சி ஒரு முடிவு! கடற்கரைக்கு வருகிறவர்களை யாரும் கேட்கவில்லை. எனக்கு அதில் இன்றும் கோபம் உண்டு.

செல்வம்: டீச்சர், நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் எங்கள் ஊர்த் தெருவுக்குப் பத்து ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

தமிழரசி டீச்சர்: சொல்லவே மாட்டேன் தம்பி. அங்கே வசிக்கிறவர்கள் வேண்டாம் என்றால் அன்றைக்கே போக வேண்டும். புதுப் பெயரையும் அவர்களே சொல்லட்டும்.

உமா: வார்டு உறுப்பினரிடம் மனு கொடுக்கலாமா? நடேசன் பூங்கா வாசலில் விவரப் பலகை, நம் முனைக்கு முழுப் பெயருடன் புதுப் பலகை.

செல்வம்: பூங்காவுக்குக் கையெழுத்திடுகிறேன். முனைப் பலகையில் தார் பூசிய பகுதியைத் திரும்ப எழுதச் சொன்னால் இடமாட்டேன்.

தமிழரசி டீச்சர்: அதை எழுத வேண்டாம். நம் தெரு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய சொந்தப் பெயரும், பிறந்த ஆண்டும், செய்த வேலையும் போதும். இன்றிரவே எழுதித் தருகிறேன், படித்துப் பார்த்துவிட்டுச் சொல்.

ரகுராமன்: முகவரி மாற்றத்துக்கு இங்கேயே ஒரு நாள் முகாம் நடத்த வேண்டும் என்பதையும் சேருங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.