கும்பகோணம் வீடு – மாடி வேலை

அப்பா (காலை 7:12)
எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை மாடியில் பூச்சு வேலை ஆரம்பம். ஹாலில் இருக்கும் ரேடியோவும் பாட்டும் சமையலறை, மாடி அறை, திண்ணை மூன்றிலும் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அதற்குப் பைப் பதிக்க வேண்டுமா என்று மேஸ்திரி கேட்கிறார். இன்று ராத்திரிக்குள் முடிவு சொல்லுங்கள்.

அக்கா (காலை 7:30)
அப்பா, எதற்குச் சுவரை வெட்ட வேண்டும்? அறைக்கு ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கி வைத்தால் போதாதா?

அண்ணன் (காலை 7:41)
ஒரு அறைக்குப் போதும், அக்கா. நாலு இடத்தில் ஒரே நேரத்தில் பாடும்போதுதான் சிக்கல். புளூடூத்தில் சத்தம் பெரும்பாலும் 150, 200 மில்லி செகண்ட் தாமதமாக வரும், ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் அது மாறும். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் நிலைப்படியில் நின்றால் செய்தி வாசிப்பவர் ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு முறை சொல்வது மாதிரி இருக்கும். அது போக, நம் வீட்டு ஒன்பது அங்குலச் சுவரைத் தாண்டினால் புளூடூத் திணறும்.

சித்தப்பா (காலை 8:05)
அண்ணா, சுவர் திறந்திருக்கும்போது ஒயர் இழுப்பதுதான் புத்திசாலித்தனம். பூசிய பிறகு யாரும் வெட்ட விடமாட்டார்கள். முதலில் ஹால் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி, பின்பக்கம் ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படம் எடுத்துப் போடுங்கள்.

நான் (காலை 8:20)
📷 படம்
"ஏ அல்லது பி: 4 ஓம் முதல் 16 ஓம். ஏ + பி: 8 ஓம் முதல் 16 ஓம்" என்று இருக்கிறது சித்தப்பா. பி பக்கம் காலியாக இருக்கிறது.

சித்தப்பா (காலை 8:33)
நல்லது. ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்ட்டைத் தடுக்கும் அளவு, அது குறைந்தால் ஆம்ப் அதிகக் கரண்ட் கொடுக்க வேண்டும். ஏ, பி இரண்டு பக்கமும் மாட்டினால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 8 ஓமாவது இருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. ஹாலில் இருப்பது 8 ஓம் ஸ்பீக்கர். பி பக்கம் சமையலறைக்கு இன்னொரு ஜோடி 8 ஓம் மாட்டினால் இரண்டும் சேர்ந்து 4 ஓம் ஆகும், ஆம்ப் அதைத் தாங்கும். கடையில் 4 ஓம் ஸ்பீக்கர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதிலேயே மாடி ஜோடியையும் திண்ணை ஜோடியையும் தொங்கவிட்டால் 2 ஓமுக்கு இறங்கிவிடும். ஆம்ப் சூடேறி அணைந்துவிடும், இல்லையென்றால் உள்ளே ஏதாவது போய்விடும்.

அத்தை (காலை 8:40)
கோயில் திருவிழாவில் தெரு முழுக்க ஒரே ஆம்ப்பில் இருபது குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறார்களே, அது எப்படித் தாங்குகிறது?

சித்தப்பா (காலை 8:52)
அது 100 வோல்ட் லைன். ஆம்ப்பிலேயே டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜை ஏற்றி அனுப்புவார்கள், ஒவ்வொரு குழாயிலும் இன்னொரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதை இறக்கும். 20 வாட் போக 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒன்றரை ஆம்பியருக்கு மேல் கரண்ட் வேண்டும், 100 வோல்ட்டில் 0.2 ஆம்பியர் போதும். அதனால்தான் மெல்லிய ஒயரில் தெருக்கோடி வரை போகிறது. பேச்சுக்கும் நாதஸ்வரத்துக்கும் அது சரி. வீட்டில் உட்கார்ந்து வீணை கேட்பதற்கு அதைச் சொல்லமாட்டேன்.

அம்மா (காலை 9:15)
எனக்கு ஒன்றே ஒன்றுதான். சமையலறையில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஹாலுக்கு ஓட முடியாது. மிக்ஸி போடும்போது ஏற்ற வேண்டும், போன் வந்தால் குறைக்க வேண்டும்.

சித்தப்பா (காலை 9:22)
அண்ணி, சுவிட்ச் போர்டு மாதிரி சுவரில் பதிக்கும் வால்யூம் கன்ட்ரோல் இருக்கிறது, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்தது. ஃபேன் ரெகுலேட்டரைப் போடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். தண்ணீர்க் குடம் வைக்கும் பக்கம் போட்டுக்கொள்ளலாம்.

அப்பா (பகல் 12:48)
சமையலறை முடிந்தது. மாடி?

அண்ணன் (பகல் 1:10)
மாடிக்கு வளைந்து போகும் தூரம் 20 மீட்டர் வரும். ஸ்பீக்கர் ஒயர் என்றால் போக வர 40 மீட்டர் செம்பு. 1.5 சதுர மி.மீ. ஒயரில் அது கிட்டத்தட்ட அரை ஓம், 2.5-இல் 0.3 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4-க்குள் இருந்தால் நல்லது. ஆனால் நான் மாடிக்கு ஹாலிலிருந்து ஸ்பீக்கர் ஒயரே வேண்டாம் என்கிறேன். ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிள் போதும், 100 மீட்டர் வரை தரம் குறையாது. மாடியிலேயே ஒரு சின்ன ஆம்ப், அதோடு ஒரு ராஸ்பெர்ரி பை, அதாவது உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர். வைஃபை ரூட்டருக்கும் அதே கேபிள் உதவும், அக்கா வரும்போது மாடியில் சிக்னல் இல்லை என்ற புகாரும் தீரும்.

அக்கா (பகல் 1:14)
அதற்காகவே ஆதரவு 🙌 ஆனால் அப்போது மட்டும் எதிரொலி வராதா?

அண்ணன் (பகல் 1:31)
இதுதான் முக்கியமான இடம், எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். ஸ்னாப்காஸ்ட் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. ஹாலில் ஒரு பை பாட்டைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் எத்தனை மணிக்கு ஒலிக்க வேண்டும் என்று நேரத்தை எழுதி அனுப்பும். மற்ற அறைகளின் பை அதைச் சேர்த்து வைத்து, தன் கடிகாரம் பார்த்து, சரியாக அந்த நொடியில் பாடும். வழக்கமாக 1 செகண்ட் பாட்டு இப்படிச் சேமிப்பில் இருக்கும். அறைக்கு அறை வித்தியாசம் மில்லி செகண்டில் சிறு பங்குதான். சத்தம் 10 மில்லி செகண்டில் மூன்றரை மீட்டர் போகும், அப்படியென்றால் நாம் ஓரடி தள்ளி நின்றாலே அதை விட அதிக வித்தியாசம் வரும், அதனால் காதுக்கு எதுவும் தெரியாது.

ஆனால் ஹால் ஆம்ப் ரேடியோவை நேராக வாங்கிப் பாடக் கூடாது. பாடினால் மாடியை விட ஒரு செகண்ட் முந்திக்கொள்ளும். ரேடியோ டியூனரின் லைன் அவுட் (வழக்கமாக ஆம்ப்புக்குப் போகும் சிக்னல்) ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வழியாகப் பைக்குள் போய், அங்கிருந்து ஹால் ஆம்ப்புக்குத் திரும்ப வர வேண்டும். ஹாலும் மற்ற அறைகளோடு வரிசையில் நிற்க வேண்டும்.

நான் (பகல் 1:36)
அப்போது டிவி? கிரிக்கெட்டில் பந்து அடித்த பிறகுதானே சத்தம் வரும்?

அண்ணன் (பகல் 1:40)
சரியாகப் பிடித்தாய்டா. டிவி மட்டும் நேராக ஆம்ப்புக்கு, அதனால் ஹாலிலும் சமையலறையிலும் மட்டும். மாடிக்குப் போகாது. இதை இப்போதே ஒப்புக்கொள்வோம்.

அத்தை (மாலை 4:05)
திண்ணையில் அம்மாவுக்கு என்ன ஏற்பாடு? அந்தத் தூணையும் பழைய சுவரையும் யாரும் தொட விடமாட்டார்.

அண்ணன் (மாலை 4:20)
பாட்டிக்காகத்தான் ஒயர்லெஸ்ஸை மிச்சம் வைத்திருக்கிறேன் அத்தை. பை ஜீரோ 2 டபிள்யூ, சின்ன ஆம்ப், ஒரே ஒரு ஸ்பீக்கர். அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைதான், சுவரைத் தாண்ட அதுவே நல்லது. ஒயர்லெஸ் என்றாலும் கரண்ட் வேண்டும், திண்ணை லைட் போர்டிலிருந்து எடுத்துக்கொள்வோம். பாட்டி ஆன் செய்ய ஒரு சுவிட்ச், வேறெதுவும் இல்லை. போன் எடுத்து ஆப் திறக்கும் வேலை அவருக்கு வேண்டவே வேண்டாம்.

அக்கா (மாலை 4:26)
எல்லாம் சேர்த்து ஒரே கம்பெனி செட்டாக வாங்கினால் தலைவலி குறையுமே?

அண்ணன் (மாலை 4:39)
குறையும், விலை கூடும். அதோடு, கூகுள் 2015-இல் கொண்டுவந்த குரோம்காஸ்ட் ஆடியோ இதே வேலைக்கானது, 2019 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். பெட்டி மாறிக்கொண்டே இருக்கும் அக்கா. செம்பும் பைப்பும் முப்பது வருஷம் சுவருக்குள் இருக்கும், அதில் செலவு செய்வோம்.

சித்தப்பா (இரவு 8:10)
அண்ணா, மேஸ்திரிக்கு: கரண்ட் பைப் தனி, இந்தப் பைப் தனி. பக்கத்தில் போவதானால் ஓரடி இடைவெளி, குறுக்கே போனால் நேர் குறுக்காக. ஒரே பைப்பில் போட்டால் ஆபத்து, இரைச்சலும் வரும். எல்போ வேண்டாம், பெரிய வளைவாகப் பெண்டு போடச் சொல்லுங்கள். உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டுவிடுங்கள், நாளைக்கு இன்னொரு ஒயர் இழுக்க வேண்டியிருக்கும்.

அப்பா (இரவு 8:31)
எழுதிக்கொண்டேன். கேபிள் நாளைக் காலை வாங்கிவிடுகிறேன்.

அண்ணன் (இரவு 8:34)
உறையில் சிசிஏ என்று இருந்தால் எடுக்காதீர்கள் அப்பா. அது அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். பில் போடும் முன் உறையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா (இரவு 8:36)
சரி. கடை ஒன்பதரைக்குத் திறக்கும். அப்போது போனைப் பார்த்துக்கொண்டிரு.